கூட்டைத் திறக்கும் முன்

(சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் நம் எல்லாருக்கும் ஒரு பரபரப்பு வந்துவிடும். பாடக்குறிப்பேடு, வருகைப் பதிவேடு, கட்டுரை நோட்டு என்று எடுத்து அடுக்கத் தொடங்கிவிடுவோம். இன்று நான் பேச வந்திருப்பதும் ஓர் ஆய்வைப் பற்றித்தான். பயப்பட வேண்டாம். இந்த ஆய்வில் நாம்தான் அலுவலர்கள். ஆய்வுக்கு உட்படுவது தேனீக்கூடு.

பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் நிறைந்த திருப்பூரில் தேனீக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளிக்குத் திரும்பியதும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடியில், பயன்படாத மீட்டர் பெட்டிக்குள், வகுப்பறைச் சுவர் வெடிப்பில், வேலியோரக் கிளையில் எங்காவது ஒரு கூடு கண்ணில் படும். நகரத்தைத் தாண்டினால் பல்லடம், உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. மூலனூர், வெள்ளகோவில் பக்கம் முருங்கை. காங்கயம் பக்கம் கொறங்காட்டில் வெள்வேல மரங்கள். பூ இருக்கும் இடத்துக்குத் தேனீ வந்துதான் தீரும்.

கூட்டைக் கண்டால் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். அல்லது பெரியவர்கள் இரவில் பந்தம் கட்டிக் கொளுத்துகிறார்கள். முதலாவதில் பிள்ளைக்கு ஆபத்து. இரண்டாவதில் கூடு முழுவதும் சாம்பல். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எல்லாத் தேனீயும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

நம் ஊரில் காணக்கூடிய தேனீக்கள் ஐந்து வகை. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ. ஐந்தின் கூடும் வேறு வேறு. எனவே அவற்றைப் பார்க்கும் முறையும் பராமரிக்கும் முறையும் வேறு. எந்தக் கூட்டைத் திறக்கலாம், எதைத் திறக்கவே கூடாது, எதன் அருகில் போகவே கூடாது என்பது ஓர் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையும் பிழைக்கும், தேனீயும் பிழைக்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரத்திலிருந்து மட்டும்: மலைத்தேனீ

பாறைத்தேனீ, பெருந்தேனீ என்றும் சொல்வோம். நம் ஊர்த் தேனீக்களில் உருவத்தில் பெரியது. இது பெட்டியில் வாழாது, பொந்திலும் வாழாது. திறந்த வெளியில், உயரத்தில், ஒரே ஓர் அடையைத் தொங்கவிடும். அந்த அடை ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். பாறை விளிம்பும் உயர்ந்த மரமும்தான் இதன் பழைய இடங்கள். இன்று நான்கு மாடிக் கம்பெனிக் கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பாறையாகத் தெரிகின்றன.

இதன் கூட்டை நாம் பார்க்கும்போது தெரிவது அடை அன்று. அடையின் மேல் போர்வைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்திருக்கும் ஈக்களைத்தான் பார்க்கிறோம். குளவி நெருங்கினால் அந்தப் போர்வையில் அலை அடிப்பதுபோல ஓர் அசைவு ஓடும். வயிற்றுப் பகுதியைத் தூக்கித் தூக்கி எச்சரிக்கை செய்கின்றன. அந்த அலையைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கல்லெடுக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டுக்கு ஆய்வு என்பது எட்ட நின்று பார்ப்பது மட்டும்தான். பராமரிப்பு என்பது அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது.

எங்கள் பள்ளித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஓர் ஆண்டு மலைத்தேனீ கூடு வைத்தது. கொளுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. கீழே இருந்தவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா? பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். இந்தத் தேனீ ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை, பூக்காலம் முடிந்தால் இடம் பெயரும் என்று எடுத்துச் சொன்னேன். தொட்டிக்குப் போகும் படியை அடைத்தோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். தொட்டியருகே எரிந்த இரவு விளக்கை அணைத்து வைத்தோம். வெளிச்சம் இந்த ஈக்களை இரவிலும் இழுக்கும் என்பதால் இது முக்கியம். பட்டாசு, புகை, கல் மூன்றுக்கும் தடை. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அவை தாமாகவே போய்விட்டன. வெற்று அடையை எடுத்து, ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டித் துடைத்தோம். பழைய மெழுகு இருந்தால் அடுத்த ஆண்டும் அதே இடம் தேடி வரும் வாய்ப்பு அதிகம்.

எல்லா இடத்திலும் காத்திருக்க முடியாது. கூடு வகுப்பறை வாசலுக்கு நேர்மேலே இருந்தாலோ, யாரோ சீண்டிவிட்டு ஈக்கள் கலைந்திருந்தாலோ, தலைமையாசிரியர் வழியாகத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை அழைத்துவிடுங்கள். நாமே ஏணி போட வேண்டாம்.

ஈக்கள் துரத்தினால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நின்று கையை வீசக் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு ஓடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதிக்கக் கூடாது. கொட்டிய ஈ கொடுக்கை நம் தோலில் விட்டுவிட்டுப் போகிறது. அதனோடு ஒட்டிய நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எனவே கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிப்பதைவிட உடனே எடுப்பதுதான் முக்கியம். நகத்தால் சுரண்டியாவது எடுத்துவிடுங்கள். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை போன்ற ஒரு மணம் வரும். அது மற்ற ஈக்களை அழைக்கும் அபாயச் செய்தி. அதனால் அங்கேயே நின்று மருந்து தேடக் கூடாது. மூச்சுத் திணறல், முகவீக்கம், வாந்தி, மயக்கம் இருந்தாலும், பல இடங்களில் கொட்டியிருந்தாலும் தாமதமின்றி 108ஐ அழையுங்கள்.

கிளையை அசைக்காமல்: கொம்புத்தேனீ

கொறங்காட்டுக் கிளுவை வேலியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஓர் அடை கிளையைச் சுற்றித் தொங்கினால் அது கொம்புத்தேனீ. உருவில் சிறியது. கூட்டின் மேற்பகுதி கிளையைச் சுற்றிப் புடைத்திருக்கும். அங்கேதான் தேன். கீழே தொங்குவது முட்டை, புழு வளரும் பகுதி.

இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. ஆனால் வகுப்புக்கு இது ஒரு திறந்த புத்தகம். நான்கடி தள்ளி அமைதியாக நின்று, கூட்டின் இருபுறமும் கிளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எறும்பு வராமலிருக்க மரப்பிசினை வளையம்போலப் பூசியிருக்கும். நாம் அரிசி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோன்ற ஏற்பாடு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நம்ம வீட்ல அம்மா சுண்ணாம்புக்கட்டியில கோடு போடுவாங்களே, அதுதான இது?" என்று கேட்டாள். அதைவிடச் சிறந்த விளக்கம் என்னிடம் இல்லை.

இந்தக் கூட்டுக்கு நாம் செய்யக்கூடிய பராமரிப்பு: வேலியைக் கழிக்கும்போது அந்தக் கிளையை மட்டும் விட்டுவைப்பது.

திறந்து பார்க்கலாம்: அடுக்குத்தேனீ

இந்தியத் தேனீ, பொந்துத்தேனீ என்பதும் இதுவே. மரப்பொந்து, கிணற்றுச் சுவர், கவிழ்ந்த பானை போன்ற இருட்டான இடத்தில், பல அடைகளை அடுக்கடுக்காக, இணையாகக் கட்டும். இருட்டில் வாழப் பழகியதால்தான் இதைப் பெட்டிக்குள் குடிவைக்க முடிகிறது.

நம் பக்கத்தில் பயன்படும் சிறிய பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். ஆப்பிள் கதையில் வரும் நியூட்டன் அல்லர். 1911 முதல் 1917 வரை தென்னிந்திய கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சி கொடுத்த நியூட்டன் பாதிரியார், நம் ஊர் ஈயின் உடல் அளவுக்கு ஏற்ப வடிவமைத்த பெட்டி அது. அடிப்பலகை, புழு அறை, அதன்மேல் தேன் அறை, உள்மூடி, மேல்மூடி என்று பகுதிகள். புழு அறையில் ஏழு சட்டங்கள். சட்டங்களுக்கிடையே ஓர் ஈ நுழைந்து போகும் அளவுக்கு மட்டும் இடைவெளி. இடைவெளி கூடினால் அங்கே கூடுதலாக அடை கட்டிவிடும்.  1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் இந்த இடைவெளியைப் பெட்டியில் பயன்படுத்திய பிறகுதான், அடையை வெட்டாமல் சட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க முடிந்தது. கூட்டை அழிக்காத ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

எங்கள் மன்றத்துக்கு இரண்டு பெட்டிகள் உண்டு. ஆனால் பள்ளி வளாகத்தில் இல்லை. அருகிலுள்ள ஒரு விவசாயியின் தென்னந்தோப்பில் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் கொட்டும் தேனீயை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெற்றோர் ஒப்புதலோடு, ஒரு நேரத்தில் ஐந்தாறு மாணவர்களை மட்டும் அழைத்துப் போகிறோம். முதல் நாளே அந்தத் தோட்டக்காரர் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது: "பொட்டியத் தெறந்து தெறந்து பாத்தீங்கன்னா ஈ ஓடிப்போயிருமுங்க, டீச்சர்." அறிவியலும் அதையே சொல்கிறது. தொந்தரவோ பசியோ மிகுந்தால் அடுக்குத்தேனீ கூட்டோடு குடிபெயர்ந்துவிடும்.

அதனால் எங்கள் ஆய்வில் முதல் பாதி, பெட்டியைத் தொடாமலே நடக்கும். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்கள். துணியில் நெடுக ஒரு கோடு ஓடினால், நிட்டிங் மெஷினில் ஏதோ ஓர் ஊசி பழுது என்று சொல்லிவிடுவார்கள். மெஷினைப் பிரிக்க வேண்டியதில்லை. துணியே சொல்லிவிடும். பெட்டியின் வாசலும் அப்படித்தான். கால்களில் மகரந்த உருண்டையோடு ஈக்கள் வந்தால் உள்ளே புழுக்கள் வளர்கின்றன என்று பொருள் கொள்ளலாம். வாசலில் ஈக்கள் கட்டிப்புரண்டு சண்டையிட்டால் வேறு கூட்டு ஈக்கள் தேன் திருட வந்திருக்கலாம். திடீரென்று குவியலாக ஈக்கள் செத்துக் கிடந்தால், பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்களா என்று விசாரிக்க வேண்டும். அடிப்பலகையில் மெழுகுத் தூளும் நூலாம்படையும் தெரிந்தால் மெழுகு அந்துப்பூச்சி உள்ளே புகுந்திருக்கிறது.

இரண்டாம் பாதி, திறந்து பார்ப்பது. வெயில் ஏறாத, காற்றில்லாத, மழை இல்லாத காலை வேளை நல்லது. பூக்காலத்தில் வாரம் ஒரு முறை போதும். மற்ற நாட்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. வெளிர்நிற ஆடை, முகத்துக்கு வலை. சென்ட், தலையில் மல்லிகை இரண்டும் அன்றைக்கு வேண்டாம். வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

புகைப்பானுக்குத் தேங்காய் மட்டை, நார் போதும். இதை நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்கு எட்டுகிற இடமெல்லாம் பனியன் வேஸ்ட் கிடக்கிறது, அதைத் திணித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். அதில் பாலியஸ்டர், லைக்ரா கலந்திருக்கலாம், சாயம் ஏறியிருக்கும். அந்தப் புகை ஈக்கும் கேடு, பிடித்திருக்கும் பிள்ளைக்கும் கேடு. புகையும் இரண்டு மூன்று ஊதல் போதும். ஈக்களை அமைதிப்படுத்தத்தான் புகை.

மூடியைத் திறந்ததும் ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சட்டமாக, செங்குத்தாகத் தூக்கி, பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பாருங்கள். படுக்கைவசமாகச் சாய்த்தால் இளம் அடை முறிந்துவிடும். வெளியே நீட்டிப் பிடித்தால் ராணித்தேனீ தரையில் விழக்கூடும்.

புதியவர்கள் எல்லாரும் ராணியைத் தேடுவார்கள். ராணியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. அறையின் அடியில் ஒரு சிறு வெள்ளைக் கோடுபோல முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். எனவே முட்டை தெரிந்தால், கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. அலுவலர் வந்து கையெழுத்திட்டுப் போன பதிவேட்டைப் பார்த்தால் போதாதா, அவரையே தேடி அலைய வேண்டுமா?

முட்டைக்குப் பிறகு புழு. புழுக்கள் முத்து வெண்மையாக, வளைந்து படுத்திருந்தால் நலம். மூடும் பருவத்துப் புழு நீண்டு, தலை மேல்நோக்கி, நீர் நிறைந்த பைபோலச் செத்திருந்தால் அது பைப்புழு நோய். தாய்லாந்து பைப்புழு வைரஸ் என்பது அதன் பெயர். அந்நாட்டில் 1976இல் கண்டறியப்பட்டது. 1991-92இல் தென்னிந்தியாவில் பரவி, கன்னியாகுமரி மாவட்டம் உட்படப் பல இடங்களில் பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை அழித்தது. மார்த்தாண்டம் பகுதியில் தேன் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் காலிப் பெட்டிகளோடு நின்றன. இதற்கு மருந்து கிடையாது. நோயுற்ற கூட்டின் சட்டத்தை அடுத்த கூட்டுக்கு மாற்றாமல் இருப்பதும், கையையும் கருவியையும் கழுவுவதும், நோயைத் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்தைப் பெருக்குவதும்தான் வழி.

அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைபோல ராணி அறை தொங்கினால் கூட்டம் பிரியப்போகிறது. இடம் போதவில்லையா, ராணிக்கு வயதாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஈக்கள் மூடாத வெற்று அடைகளை எடுத்துவிட்டால் அந்துப்பூச்சிக்கு இடமில்லை.

அன்றாடப் பராமரிப்பு எளிது. பெட்டி நிழலில் இருக்க வேண்டும். தாங்கியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றால் எறும்பு ஏறாது. அருகில் கூழாங்கல் போட்ட தட்டில் நல்ல தண்ணீர் வையுங்கள். புழு அறையின் வெப்பத்தை 35 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்க, கோடையில் ஈக்கள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துச் சிறகால் விசிறுகின்றன. நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லாவிட்டால் சாக்கடையைத் தேடிப் போகும். அடைமழை மாதங்களிலும் பூ இல்லாத கோடையிலும் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை, மாலையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் திருட்டு ஈக்கள் வந்துவிடும். தேன் எடுப்பது தேன் அறையிலிருந்து மட்டும். அதுவும் மெழுகால் மூடிய அடையிலிருந்து மட்டும். புழு அறைத் தேன் அவற்றின் சோறு.

தொழில்முறை வளர்ப்பு: இத்தாலியத் தேனீ

தென்னந்தோப்புகளிலும் சூரியகாந்திக் காடுகளிலும் வரிசையாகப் பெரிய பெட்டிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் இத்தாலியத் தேனீ. 1960களின் தொடக்கத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் இதை நம் நாட்டில் வெற்றிகரமாக நிலைநிறுத்தினார்கள். பைப்புழு நோய்க்குப் பிறகு தெற்கிலும் பரவியது. தேன் அதிகம் தரும், எளிதில் குடிபெயராது. ஆனால் பத்துச் சட்டப் பெட்டி, பூ இருக்கும் ஊருக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் செலவு என்று இது தொழிலாகச் செய்வோருக்கானது.

இதன் ஆய்வில் முக்கியம் வரோவா என்ற உண்ணி. இந்த உண்ணி முதலில் ஆசியத் தேனீயின் மீதுதான் வாழ்ந்தது. நம் ஈக்கள் அதை ஒன்றையொன்று தட்டிக் கடித்துக் களையப் பழகியவை. மேல்நாட்டு ஈக்கு அந்தப் பழக்கம் போதாது. எனவே வளர்ப்பவர்கள் ஒரு கிண்ணம் ஈக்களை மாச்சர்க்கரைத் தூளில் குலுக்கி, உதிரும் உண்ணிகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஒட்டுண்ணி, ஓம்புயிரி பாடம் நடத்தும்போது இதைச் சொல்லலாம். பெட்டிகளை அவற்றின் உரிமையாளர் அனுமதியோடு, அவர் முன்னிலையில் மட்டும் பாருங்கள்.

பள்ளிக்கு ஏற்றது: கொசுத்தேனீ

சுவர் வெடிப்பிலோ கதவு நிலையிலோ பிசினால் செய்த சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிக் கொசு அளவில் கறுப்பு ஈக்கள் பறக்கும். இவற்றுக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. சீண்டினால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு மண்பானையில் இவை இருக்கின்றன. மாற்றுத்திறன் மாணவர்களும் சிறு வகுப்புப் பிள்ளைகளும் பயமில்லாமல் அருகில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய தேனீ இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டித் தேனீக்குச் சொன்ன ஆய்வு முறை இதற்குப் பொருந்தாது. இது அறுகோண அடை கட்டுவதில்லை. மெழுகும் பிசினும் கலந்து சிறு குடங்கள் செய்து அவற்றில் தேனை வைக்கும். ஒவ்வொரு புழு அறையிலும் உணவை நிரப்பி, முட்டையிட்டு, உடனே மூடிவிடும். பிறகு அதைத் திறந்து ஊட்டுவதில்லை. எனவே முட்டையைத் தேடிப் பானையைத் திறப்பதில் பயனில்லை. திறந்தால் குடங்கள் உடைந்து தேன் வழியும். எறும்பும் சிறு ஈக்களும் உள்ளே புகுந்து கூட்டத்தையே அழித்துவிடும். இதற்கு ஆய்வு என்பது குழாய் வாசலைப் பார்ப்பதுதான். காவல் ஈக்கள் வாசலில் இருக்கின்றனவா, மகரந்தம் வருகிறதா, குழாய் ஈரப்பிசினோடு புதிதாக வளர்கிறதா என்று பார்த்தால் போதும். சுவரில் இவை குடியிருந்தால், வெள்ளையடிக்க வரும் ஆட்களிடம் அந்த ஓட்டையை மட்டும் பூசாமல் விடச் சொல்லுங்கள்.

பதிவேடும் தேநீர்க் கோப்பையும்

இவ்வளவையும் வகுப்பில் எப்படிக் கொண்டுவருவது? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாள், நேரம், வானிலை, பூத்திருக்கும் மரங்கள், ஒரு நிமிடத்தில் மகரந்தத்தோடு வந்த ஈக்களின் எண்ணிக்கை, மகரந்தத்தின் நிறம், செத்த ஈக்கள், செய்த வேலை. காலை, நண்பகல், மாலை மூன்று முறை எண்ணினால் சராசரியும் வரைபடமும் கணக்குப் பாடத்துக்குக் கிடைத்துவிடும்.

கேட்கும் கேள்வி சரியாக இருந்தால் பார்ப்பது யார் என்பது பெரிதில்லை. சுவிட்சர்லாந்தின் ஃபிரான்சுவா ஹூபர் பார்வையை இழந்தவர். தன் உதவியாளரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டு, புத்தகம்போலப் புரட்டக்கூடிய ஒரு கூட்டை வடிவமைத்து, 1792இல் தேனீ பற்றிய நூலை வெளியிட்டார். கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியருக்கு அவர் ஒரு முன்னோடி.

நம் வகுப்புகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எண்ணும் வேலையில் மொழி தடையாக இருப்பதில்லை. எங்கள் நோட்டில் தேனீ என்று எழுதிய இடத்தின் கீழே மதுமக்கி, மஹுமாச்சி என்று அவர்கள் சொன்ன சொற்களும் இருக்கின்றன. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: தேன் ஈ. அதைக் கண்டுபிடித்த அன்று, அதுவரை கடைசி வரிசையில் பேசாமலிருந்த ஒரு பையன் மற்றவர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தான்.

பதிவேடு பள்ளிக்கு வெளியேயும் போக வேண்டும். கம்பெனி வாசல் தேநீர்க் கடைகளில், வீசப்பட்ட காகிதக் கோப்பைகளின் அடியில் தேங்கிய சர்க்கரைக்கு ஈக்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பல ஈக்கள் அதிலேயே ஒட்டிச் சாகின்றன. மதுரை ஆய்வாளர்கள் ஐந்து காப்பிக் கடைகளில் 30 நாள் எண்ணியதில் 25,000க்கும் மேற்பட்ட தேனீக்கள் செத்திருந்ததை 2011இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சுக் காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. எங்கள் மாணவர்கள் அருகிலுள்ள கடைகளில் எண்ணிப் பார்த்து, கணக்கை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். ஒருவர் கண்ணாடி டம்ளருக்கு மாறினார். இன்னொருவர் குப்பைக்கூடைக்கு மூடி போட்டார். தேனீக் கூட்டமே இல்லாத பள்ளியும் செய்யக்கூடிய தேனீப் பராமரிப்பு இது.

இந்தப் பயிற்சி முடிந்து போனதும் மூன்று வேலைகள் செய்யுங்கள். பள்ளியைச் சுற்றி வந்து எந்தக் கூடு எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று பிள்ளைகளோடு பேசி எழுதி ஒட்டுங்கள். பெட்டி வைக்க விரும்பினால், முதலில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துப் பயிற்சி பெறுங்கள். உலகத் தேனீ நாள் மே 20. அன்று நமக்கு விடுமுறை. பள்ளி திறந்ததும் ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.

ஒரு கூட்டை நல்லபடியாகப் பார்ப்பதற்குப் பொறுமையும் ஒரு நோட்டும் போதும். திறக்க வேண்டிய கூட்டை முறையாகத் திறப்போம். திறக்கக் கூடாத கூட்டை அதன் போக்கில் விடுவோம். அந்த வேறுபாடு தெரிந்த பிள்ளை பெரியவனாகி ஒரு கம்பெனியின் மேலாளராக இருந்தாலும், தோட்டக்காரனாக இருந்தாலும், பந்தத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் நின்று பார்ப்பான். நம் ஆய்வின் பலன் அந்த ஒரு நிமிடம்தான்.